அடைமழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு வைத்தியம்!

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாருக்கும் கையில் நேரமே இருக்காது. சனிக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைப் பார்க்க மலையேற வேண்டும். நவராத்திரி வந்தால் கொலு. அது முடிந்ததும் தீபாவளித் துணிமணி, பலகாரம். இத்தனையும் செய்கிற நாம் ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறோம். நம் வீட்டு மொட்டைமாடியை ஒருதடவை ஏறிப் பார்த்தோமா?

"என்ன டாக்டர், சித்த வைத்தியர் நீங்க... கஷாயம், சூரணம் சொல்லுவீங்கன்னு பார்த்தா, மொட்டைமாடியைப் பத்திப் பேசுறீங்களே?" என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. என் தவறு ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காலையில் ராஜபாளையம், மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இரண்டு ஊரிலும் நோயாளிகளைப் பார்க்கிறவன் நான். ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகும் ஒருவருடைய மகன், எட்டு வயதுப் பையன், மூன்று வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்தான். ஐப்பசி பிறந்தால் இழுப்பு தொடங்கும். தை முடிகிற வரை விடாது. ஆடாதோடை மணப்பாகு, தாளிசாதி சூரணம் என்று கொடுப்பேன். நெஞ்சு நோய் டாக்டர் எழுதித் தந்த இன்ஹேலரையும் நிறுத்தாதீர்கள் என்பேன். கொஞ்சம் தணியும், அடுத்த மழைக்கு மறுபடியும் வந்து நிற்பான்.

ஒருநாள் அந்த வீட்டுப் பாட்டிக்கு நடக்க முடியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். பாட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பையனின் கட்டில் கண்ணில் பட்டது. மேற்குச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். தலையணை வைக்கிற இடத்துக்கு நேர்மேலே சுவரில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். கையை வைத்தேன். சில்லென்று ஈரம். பூசணம் பிடித்த வாடை.

"என்னம்மா இது?" என்றேன்.

"மேலே தண்ணி டேங்க் இருக்குய்யா. நிறைஞ்சு வழிஞ்சா இந்தச் சுவரு வழியாத்தான் இறங்கும். தீபாவளிக்குப் பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிரும்" என்றார் அந்த அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று படித்திருக்கிறோம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம்... எட்டையும் பார்த்தேன். 'நீ எங்கே படுக்கிறாய் தம்பி?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருடம்! நான் பகலில் கொடுத்த மருந்தை அந்தச் சுவர் ராத்திரியில் கெடுத்துக்கொண்டிருந்தது.

கட்டிலை அன்றைக்கே இடம் மாற்றினோம். டேங்க் வழிகிற குழாயை வெளிப்பக்கமாகத் திருப்பி, விரிசலை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளையடித்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் பையனுக்கு இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் வருவது பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. ராத்திரி தூங்கினான், பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவில்லை. அன்றிலிருந்து இருமல், இழுப்பு என்று யார் வந்தாலும் வீட்டைப் பற்றி விசாரிக்காமல் நான் மருந்து எழுதுவதில்லை.

ஏன் இப்போதே?

நம் முன்னோர் வருடத்தை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. காரில் உடம்பில் சேர்கிற பித்தம் கூதிரில் மிகுந்து வெளிப்படும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. பசி மந்தம், காய்ச்சல், சளி எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அதோடு, மலையும் மலை சார்ந்த இடமும் சுரத்துக்கும் ஐய நோய்க்கும் இடம் கொடுக்கும் என்றும் சொல்லிவைத்திருக்கிறார்கள். நாமோ மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலேயே குடியிருக்கிறோம்.

தென்மேற்குப் பருவமழையை அந்த மலை மறித்து, பெரும்பகுதியைக் கேரளத்துப் பக்கமே இறக்கிவிடுகிறது. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் முக்கிய மழை. அது வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். 'கார்த்திகை போனால் மழை போச்சு' என்றும் நம்பியிருக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், அதாவது மார்கழி பிறந்த கையோடு, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது.

ஆகவே வெயில் இருக்கிற புரட்டாசியிலேயே வேலையை முடித்தால்தான் பூச்சு காயும், சுவர் காயும், மெத்தையும் காயும். மழை இறங்கிய பிறகு கொத்தனாரும் கிடைக்கமாட்டார்! இதில் பெரும்பாலான வேலையை நாமே செய்துகொள்ளலாம்.

முதலில் மொட்டைமாடி

விளக்குமாறு, ஒரு வாளி தண்ணீர். இவ்வளவுதான் தேவை. சருகு, மண், பறவை எச்சம், போன பொங்கலுக்கு வாங்கி உடைந்த பானை எல்லாவற்றையும் அகற்றுங்கள். பிறகு மாடியின் நாலு மூலையிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓடிப்போய் மழைநீர்க் குழாயில் இறங்கினால் சரி. தேங்கி நின்றால் அங்கே வாட்டம் சரியில்லை. குழாய் வாயில் ஒரு கம்பி வலை வைத்தால் சருகு அடைக்காது.

கட்டைவிரல் நகம் நுழைகிற அளவு விரிசல் இருந்தால் நீங்களே அடைக்கலாம். விரிசலை உளியால் லேசாகக் கொத்தி அகலமாக்கி, தூசியைத் தட்டி, நீர் தெளியுங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல், டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு வாட்டர் ப்ரூஃப் திரவம் சேர்த்துக் குழைத்து அழுத்திப் பூசுங்கள். ஈரச் சாக்கு போட்டு 7 நாள் நனைத்து வாருங்கள். இந்த நனைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறோம். விரல் நுழைகிற விரிசலோ, கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிற இடமோ இருந்தால் கை வைக்காதீர்கள். அது கொத்தனாரும் இன்ஜினியரும் பார்க்கவேண்டிய வேலை.

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மரக்கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய மெட்ராஸ் டெரஸ் மாடியாக இருந்தால், சிமெண்ட் ஒட்டுப் போடாதீர்கள். சுண்ணாம்புக் காரை வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது. இரண்டும் பிரிந்து, பழையபடி ஒழுகும். அந்தக் காலத்தில் காரைக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்த்தார்கள். நான் நோயாளிக்கு எழுதிக்கொடுக்கிற அதே கடுக்காய்தான்! சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் யாராவது கிடைத்தால் விடாதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடா? அதன்மேல் ஏறி நடக்கவே கூடாது. பழைய ஷீட் உடைந்து, ஆளோடு கீழே வந்துவிடும். அதைச் சுரண்டுவது, துளையிடுவது, காய்ந்த நிலையில் தேய்ப்பது எதுவும் வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஏணி வைத்து, கீழே ஓர் ஆள் பிடித்துக்கொள்ள, ஓரத்தில் இருக்கும் சருகை ஈரத்தோடு அள்ளினால் போதும். மற்றதற்கு அனுபவமுள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்து சுவர்

ஈரம் வெளியிலிருந்து வருகிறதா, அறைக்குள்ளேயே அடைபட்டிருக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி. ஒரு சாண் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாக நீர் இருந்தால் சுவருக்குள் ஈரம் இறங்குகிறது. அதன் காரணத்தைத் தேடவேண்டும். டேங்க் வழிகிறதா? குழாய் கசிகிறதா? வெளியே சுவரோரம் மண் மேடாகிக் கிடக்கிறதா? தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. ஜன்னலைத் திறவுங்கள், ஈரத்துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடாதீர்கள்.

காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே பெயிண்ட் அடிப்பது, புண்ணின்மேல் பவுடர் போடுவது மாதிரி. இரண்டு மாதத்தில் உரிந்து வரும்.

கறுப்புப் பூசணத்தைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் தட்டாதீர்கள். அதன் வித்துக்கள் காற்றில் பறந்து மூச்சில் ஏறும். முதலில் சோப்புத் தண்ணீரால் நனைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மூக்கு, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை, ஜன்னல் திறந்திருக்கட்டும். இழுப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும்.

முக்கியமான எச்சரிக்கை! 'பளிச்சென்று போகும்' என்று பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும், உயிருக்கே ஆபத்து.

சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிப்பதுபோல மலிவான, நல்ல வைத்தியம் வேறில்லை. சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் வளராது. சுவரும் மூச்சு விடும். கல் சுண்ணாம்பு என்றால் தண்ணீர் ஊற்றியதும் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து; கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஆறியதும் துணியில் வடிகட்டி, இரண்டு தடவை அடியுங்கள். ஏற்கெனவே டிஸ்டெம்பர், எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும்.

கட்டிலையும் பீரோவையும் வெளிச்சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போடுங்கள். இதற்குப் பைசா செலவில்லை!

ஈரச் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்து, தொட்டால் சுருசுரு என்று இருக்கிறதா? மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்புங்கள். மின்சாரத்தில் சுயவைத்தியம் வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டி

மழைக்காலத்து வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள்காமாலையும் பெரும்பாலும் தண்ணீர் வழியாகத்தான் வருகின்றன. மாடித் தொட்டியைக் காலி செய்து, அடியில் உள்ள சேற்றை வழித்து, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மறுபடி நிரப்பும்போது 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன் போதும். நேராகக் கொட்டாமல் ஒரு வாளி நீரில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்ததும் மேலே உள்ள தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். வெகுநாள் திறந்து கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள். கொதிக்கும்போது கொஞ்சம் சீரகம் போட்டால் செரிமானத்துக்கும் நல்லது.

தரைக்கடியில் உள்ள தொட்டிக்குள் தனியாக இறங்காதீர்கள். மூடியே கிடந்த தொட்டியில் பிராணவாயு குறைவாக இருக்கும். இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்த துயரங்கள் எத்தனையோ. மேலிருந்தே நீண்ட பிரஷ்ஷால் கழுவுங்கள். முடியாவிட்டால் அதற்கான ஆட்களிடம் விடுங்கள்.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்பு கட்டாயமானது. அப்போது வெட்டிய குழி இப்போது எப்படி இருக்கிறது? மண் மூடிக் கிடந்தால், ஜல்லியை எடுத்துக் கழுவி மறுபடி போடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மாடி கழுவுப்பட்ட பிறகு வருகிற நீரைச் சேமியுங்கள்.

கொசுவுக்குக் குடியிருப்பு கொடுக்காதீர்கள்

2012-ல் நம் பக்கத்து ஊரான கடையநல்லூரை டெங்கு எப்படி ஆட்டிப்படைத்தது என்பது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். அந்த வருடம்தான் நிலவேம்புக் குடிநீர் தமிழகம் முழுக்கப் பேசப்பட்டது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு ஆகிய ஒன்பதும் சேர்ந்தது அது. நானும் கொடுக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். நிலவேம்பைக் குடித்துவிட்டுத் தொட்டியைத் திறந்து வைத்தால் என்ன பயன்?

டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். ஆகவே வாரம் ஒரு நாளை 'காய்ச்சல் போடும் நாள்' என்று... மன்னிக்கவும், பாத்திரங்களைக் 'காயப் போடும் நாள்' என்று வைத்துக்கொள்ளுங்கள்! வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவவேண்டும்.

எங்கெல்லாம் பார்க்கவேண்டும்? ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுரல், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, நாய்க்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டி. ஆட்டுரலைக் கவிழ்க்க முடியாது. குழியில் மணல் நிரப்பிவிடுங்கள். டேங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும். வழிகிற குழாய் வாயில் நைலான் வலை கட்டுங்கள்.

வீட்டோரம் அடுக்கிய விறகையும் செங்கல்லையும் சுவரைவிட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். அதற்குள் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் புண்ணான காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். புதரை வெட்டி ஒழுங்காக வைத்திருந்தால், மழையை ஒட்டித் தலைகாட்டும் உண்ணிக்காய்ச்சலுக்கும் இடமிருக்காது.

மெத்தை, கம்பளி, புகை

பரணில் இருக்கும் கம்பளி, ஸ்வெட்டர், இலவம்பஞ்சுத் தலையணை எல்லாவற்றையும் இறக்கி, துவைக்கக்கூடியதைத் துவைத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போடுங்கள். தூசிப் பூச்சி குறையும். அந்துருண்டை வேண்டாம், சில பச்சைக் குழந்தைகளுக்கு அந்த வாடை பட்ட துணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடும் மஞ்சள்காமாலை கொண்டுவரும். காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை, ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து போட்டால் பூச்சி அண்டாது.

மார்கழிக் குளிர் வந்தால் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு சாம்பிராணி போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: இழுப்புள்ளவர் இருக்கிற அறையில் எந்தப் புகையும் வேண்டாம். குளிப்பாட்டிய குழந்தையைப் புகையில் காட்டவேண்டாம். கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். எவ்வளவு குளிரானாலும் ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

நாலு ஞாயிற்றுக்கிழமை கணக்கு

முதல் ஞாயிறு: மொட்டைமாடி, குழாய், விரிசல்.
இரண்டாம் ஞாயிறு: சுவர், பூசணம், வெள்ளையடிப்பு.
மூன்றாம் ஞாயிறு: தொட்டி, மழைநீர்க் குழி, கொல்லை.
நாலாம் ஞாயிறு: மெத்தை, கம்பளி, பரண்.

வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் சண்டை வேண்டாம். ஈரச் சுவரை அவர் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் கட்டிலைத் தள்ளிப் போடுவதும், ஜன்னலைத் திறப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

இத்தனை செய்தும் காய்ச்சல் வந்தால்? கஷாயத்தை மட்டும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். ஒன்றிரண்டு நாளில் டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் கூடாது. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். டெங்குவில் அப்போதுதான் ஆபத்து அதிகம்.

நான் சொன்ன அந்தப் பையன் இப்போதும் என்னிடம் வருகிறான். போன தடவை வந்தபோது, "டாக்டரய்யா, இந்த வருஷம் டேங்க் கழுவ நானும் மாடிக்குப் போனேன்" என்றான் பெருமையாக. மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் அந்தச் செய்திக்காக அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் எங்கே தலைவைத்துப் படுக்கிறார்கள்? இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, அந்தச் சுவரில் ஒருதடவை கையை வைத்துப் பாருங்கள்.